வாக்குத்தத்த அட்டையும் மஸ்கட் வேலையும்

ஜனவரி 2. பாளையங்கோட்டை வாசகி ஒருவரின் கேள்வி

வருடக் கடைசி இராத்திரி ஆராதனையில் என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருடத்துக்கென்று கண்ணை மூடி எடுக்கும் வேத வசன அட்டை) ஏசாயா 43:2 வந்தது: "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அவருக்கு மஸ்கட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தோம். அட்டையைப் பார்த்த என் மாமியார், "கர்த்தரே கடலைத் தாண்டச் சொல்லிவிட்டார், இனி யோசிக்க என்ன இருக்கிறது" என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது அவிசுவாசமா? தேவன் இப்படித்தான் வழிநடத்துகிறாரா?

ஜனவரி 2, இரவு

அந்த வசனத்தில் "கட" என்ற கட்டளை இல்லை. கடக்க நேரிட்டவர்களுடன் யார் இருப்பார் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. அது முதலில் சொல்லப்பட்டது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு. அவர்களில் ஒருவரும் சம்பளம் பேசிக்கொண்டு போகவில்லை. உங்கள் கணவர் பாளையங்கோட்டையிலேயே இருந்துவிட்டாலும் அந்த வசனம் அவருக்குப் பொருந்தும், ஏனென்றால் தாமிரபரணியிலும் தண்ணீர் உண்டு. ஆகவே அந்த அட்டை இரண்டு முடிவுகளுக்கும் சமமாகத் துணை நிற்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொடுக்க அதனால் ஆகாது. இதை மாமியாரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜனவரி 3

அவிசுவாசமா என்று கேட்டதற்கு விடை சொல்ல விட்டுப்போயிற்று. இத்தகைய பேச்சு வந்தால் நம் சபைகளில் யாராவது ஒருவர், தேவனிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுத்தோலை விரித்துவிடுவார். நேற்றிரவே இருவர் எனக்குத் தனியாக எழுதிவிட்டார்கள். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை அவர்கள் முழுவதும் வாசிக்க வேண்டும். கிதியோன் செய்ய வேண்டியது இன்னதென்று அவனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. தோலை ஒருநாள் நனையவும் மறுநாள் காயவும் கேட்டது அவனுடைய பயம். தேவன் அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொண்டார் என்பதே அந்தக் கதையின் அழகு. அதைப் பின்பற்ற வேண்டிய முறையாக யாரும் அங்கே போதிக்கவில்லை. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் என்ன என்று முதலில் பாருங்கள். காரணம் சொல்லக்கூடியதாக இருந்தால் அதை வீட்டில் சொல்லுங்கள். தேவன் தந்த புத்தியைப் பயன்படுத்துகிறவர்களை அவிசுவாசிகள் என்று வேதம் எங்கும் அழைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 5

"சீட்டுப் போடுவது வேதத்திலேயே இருக்கிறதே, நீர் எப்படி மறுக்கலாம்" என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்டித்திருக்கிறார். இருக்கிறதுதான். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் சொல்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அது அப்போஸ்தலர் முதலாம் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகு சபை ஒருமுறையாவது சீட்டுப் போட்டதாக அந்தப் புத்தகத்தில் காணோம்.

சபை வரலாற்றிலும் இந்த ஆசை விட்டபாடில்லை. ஆதித் திருச்சபையின் பேராசானான அகஸ்டின் 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் வசனத்தால் மனந்திரும்பியவர். அப்படிப்பட்டவரே பிற்காலத்தில், சுவிசேஷ ஏடுகளைத் திறந்து குறி பார்க்கிறவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, பேய்களிடம் போய்க் கேட்பதைவிட இது மேல் என்றாலும், மறுமைக்காகப் பேசும் வார்த்தையை உலகக் காரியங்களுக்குத் திருப்புவது தமக்குப் பிடிக்கவில்லை என்று கடிதம் எழுதினார். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூத் ஊரின் மொரேவியச் சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டெடுத்து, 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். இன்றும் அது வருகிறது. அவர்கள் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தவர்கள். திருமணத்தைக்கூடச் சீட்டுப் போட்டு முடிவு செய்த காலம் அவர்களுக்கு உண்டு. பிற்பாடு திருமணச் சீட்டைக் கைவிட்டு, தின வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தெரிவில் நல்ல புத்தி இருக்கிறது.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று தெரியாதபோது கோயிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வேதத்துக்கு வந்த பிறகு நாம் பூவை விட்டு அட்டைக்கு மாறிக்கொண்டோம் என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். உண்மையில் பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள். அங்கே "வேண்டாம்" என்று சொல்லும் பூவும் ஒன்று உண்டு. நம் பெட்டியில் இருக்கும் அட்டைகளை ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள்: ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், வாலாக்காமல் தலையாக்குவேன். கடிந்துகொள்ளும் வசனம் ஒன்றுகூட இராது. தேவனுக்குத் தப்பி ஓடிய யோனா ஏறிய கப்பலில் போட்ட சீட்டு யோனாவின் பேரில் விழுந்தது. கொள்ளைப்பொருளைத் திருடி ஒளித்த ஆகானின் காலத்தில் குற்றவாளியின் வீட்டின்மேல் விழுந்தது. பாதகமாக விழ வழியே இல்லாத ஒன்றைச் சீட்டு என்று எப்படிச் சொல்வது? ஆறுதல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நானும் ஆண்டுதோறும் எடுக்கிறேன், பர்சில் வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 6

சாத்தான்குளத்து நண்பர் ஒருவர் எழுதுகிறார்: அவர் எடுத்த அட்டையில் "எழும்பிப் பிரகாசி" என்று இருந்ததாம், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் தெரு முழுவதும் மின்சாரம் இல்லையாம். மின்வாரியத்துக்கு அந்த அட்டையை அனுப்பிவைக்கலாம்.

ஜனவரி 9

இரண்டு நாளாக எழுதத் தயங்கிய ஒன்றை எழுதுகிறேன். அதே வசனத்தின் அடுத்த வரி: "நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நின்றுபோய், அதில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டார்கள். ஏரலில் என் பெரியம்மாவின் வீட்டுக்குள் ஆறு வந்தது. தண்ணீர் வடிந்தபின் நாங்கள் போனபோது கட்டிலின்மேல் ஒரு சாண் சேறு இருந்தது. அரிசி மூட்டை உப்பித் தையல் பிரிந்து முளைவிடத் தொடங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டி சமையலறையிலிருந்து முன்னறைக்கு மிதந்து வந்து, வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. வேதாகமத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியவில்லை. பெரியம்மா மாடியில் அண்டை வீட்டாருடன் இருந்து பிழைத்தார்கள். அதே தெருவில் எல்லாருக்கும் மாடி இல்லை.

அவர்களிடம் அந்த வசனத்தைச் சொல்லி ஆறுதல்படுத்த வந்த ஒருவரை, "அது இருக்கட்டும், பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்தீர்களா?" என்று பெரியம்மா கேட்டார்கள். கேலியாக அல்ல, வேண்டித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரம் காயாத சேலையோடு ஆராதனைக்கும் போனார்கள்.

வசனத்தை எழுத்தின்படி எடுத்துக்கொண்டால் அது ஏரலில் பொய்யாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அப்படியானால் அந்த வாக்கு நாம் எண்ணிக்கொண்டிருக்கிற வகையான உறுதி அன்று. நனையாமல் காப்பாற்றுவதைக் குறித்து அது பேசவில்லை. மஸ்கட் போனால் ஒன்றும் ஆகாது என்பதற்கு அந்த அட்டையைச் சான்றாகக் காட்டுகிறவர்கள், ஏரலுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11

மேற்கண்ட குறிப்புக்குக் கடுமையாக ஒரு மறுப்பு வந்திருக்கிறது. "அப்படியென்றால் தேவனுடைய பராமரிப்பு என்பது பக்கத்து வீட்டுக்காரன் போடும் சோறு மட்டுந்தானா? அதற்கு ஜெபம் எதற்கு?"

எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. என்னிடம் இருப்பது பாதி விடை. என் பாட்டையா உடன்குடிப் பக்கத்தில் பனையேறியவர். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, ஏறுவதற்கு முன் மரத்தில் நெற்றியை வைத்து ஒரு கணம் நிற்பார்கள். விழாமல் இருக்கவா ஜெபிக்கிறீர்கள் என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, "விழுகிறவன் விழத்தான் செய்வான். விழுந்தால் உங்க ஆச்சியையும் பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கிடணும், அதைத்தான் சொல்லிட்டு ஏறுதேன்" என்றார்கள். அதே ஊரில் விழுந்து இறந்தவர்களும் ஜெபித்து ஏறியவர்களே என்று அவர்களுக்குத் தெரியும். தம் கையில் இல்லாததை ஒப்படைத்தார்கள். தளைநாரின் முடிச்சைத் தாமே இழுத்துப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சோற்றை அவ்வளவு அற்பமாகவும் பேச வேண்டாம். இந்தச் சீமையில் விசுவாசம் வேர்விட்டதே அந்த வழியில்தான். வேதத்துக்கு வந்ததற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு 1799இல் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார்கள். (இன்று அந்த ஊரை மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு இது தெரியாது, அல்வாவும் நன்றாகத்தான் இருக்கும்.) 1830இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்துத் தர்மசங்கம் இதே வேலையை ஒழுங்குபடுத்தி, சங்கத்தின் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேற்றியது. 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் அசரியா முதலானோர் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனங்களின் காணிக்கை போதும் என்று துணிந்தார்கள். உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் வைக்கிற வழக்கம் என் தாயாரிடமும் இருந்தது. அந்த வீடுகளில் மிச்சம் இருந்து எடுத்ததில்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னவர்களே அந்தப் பிடி அரிசியை எடுத்துவைத்தவர்களும்.

இது முழு விடை ஆகாது என்று எனக்குத் தெரியும். மனிதர் யாருமே இல்லாத இடத்தில் என்ன என்று கேட்டால், அங்கே எனக்கு ஜெபம் மட்டும்தான் இருக்கிறது, விளக்கம் இல்லை.

ஜனவரி 14

இன்று தேவசகாயம் பிள்ளையின் நினைவு நாள். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், புனிதர்களிடம் மன்றாடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அவரை விட்டுவிட முடியாது. திருவிதாங்கூர் அரசின் அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து நட்டம் வந்து மனம் உடைந்திருந்த வேளையில், டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாம் இழந்து கடைசியில் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்ற யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் அவர் திரும்பினார். 1745இல் நம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பிறகு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்ததா? சிறையும் சித்திரவதையும் வந்தன. 1752ஆம் ஆண்டு இதே ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். யோபுவின் கடைசி அதிகாரம் அவருக்கு இந்த உலகத்தில் நடக்கவில்லை. 2022இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி. துப்பாக்கியின் முன் நின்றவருக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கவில்லை.

ஜனவரி 16

டோனாவூர் அம்மாளை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். டோனாவூரில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கண்ணின் நிறத்தைப் பற்றிய கதை நம் ஞாயிறு பள்ளிகளில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தது: அயர்லாந்தில் சிறுபிள்ளையாக நீலக் கண் கேட்டு ஜெபித்தார், கிடைக்கவில்லை, பிற்பாடு இங்கே கோயில்களில் விடப்பட்ட குழந்தைகளைத் தேடிப் போகும்போது பழுப்புக் கண் இருந்ததால்தான் சேலை கட்டிக்கொண்டு நம்மவர் போல் நடமாட முடிந்தது என்று முடிப்பார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கதைதான். பெரியவர்களுக்கு அதில் ஓர் ஆபத்து இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒவ்வோர் "இல்லை"க்கும் பின்னால் ஒருநாள் காரணம் தெரிந்துவிடும் என்று அது பழக்கிவிடுகிறது. தெரியாமலே போகிற "இல்லை"களை என்ன செய்வது?

அந்த அம்மையாருக்கே 1931இல் நடந்ததைப் பாருங்கள். களக்காட்டில் மருந்தகத்துக்காகச் சீர்செய்துகொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், இடம் தவறித் தோண்டப்பட்ட ஒரு குழிக்குள் இருட்டில் விழுந்தார். அதன்பின் 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான். படுக்கையில் இருந்தபடி நிறைய எழுதினார். அதற்காகவே தேவன் விழவைத்தார் என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. குழியை இடம் மாற்றித் தோண்டிய கொத்தனாரைக் கூலிக்கு அமர்த்தியது தேவன்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றும். அந்தக் குழிக்குத் தேவனைக் காரணமாக்காமலும், குழிக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் தேவன் அந்த அறையில் இருந்தார் என்று நம்பியும் இருக்கலாம்.

ஜனவரி 18

கேள்வி கேட்ட சகோதரி மேலும் விவரம் எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டின்மேல் கடன் இருக்கிறதாம். மாமியாரின் நகைகள் வங்கியில் இருக்கின்றனவாம். அதைப் பற்றி அவர்கள் மகனிடமோ மருமகளிடமோ இதுவரை வாய் திறக்கவில்லை.

இது தெரிந்தபின் அந்த அட்டை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு வயதான தாய், "என் நகையை மீட்டுக் கொடு" என்று மகனிடம் கேட்கக் கூசுகிறார். "கர்த்தர் போகச் சொல்கிறார்" என்று சொல்வது அவருக்கு எளிதாக இருக்கிறது. அவரைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதை உண்மையாகவே நம்புகிறார். ஆனால் தேவனுடைய சித்தம் என்று ஒன்றைச் சொன்னவுடன் அந்த வீட்டில் கணக்குப் பேசும் வாய் அடைபட்டுப்போகிறது. இந்த அட்டைப் பழக்கத்தில் என்னை உறுத்துவது அதுதான். சகோதரி, வசனத்தின் பொருளைப் பற்றி அவர்களோடு வாதாட வேண்டாம். நகையைப் பற்றிக் கேளுங்கள்.

ஜனவரி 21

"அப்படியானால் வழிநடத்துதல் என்பது எப்படித்தான் இருக்கும், அதைச் சொல்லும்" என்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர். அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பவுலும் கூட்டாளிகளும் ஆசியாவில் வசனம் சொல்லப் பார்த்தார்கள், தடைபட்டது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. துரோவாவில் இரவிலே ஒரு தரிசனம்: மக்கெதோனியன் ஒருவன் வந்து உதவும்படி வேண்டுகிறான். தரிசனம் கண்டது பவுல் ஒருவர். போவதென்று நிச்சயித்ததோ "நாங்கள்" என்று எழுதியிருக்கிறது. கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். போன இடத்தில், பிலிப்பியில், அடிபட்டுத் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டார்கள். அன்று இரவு அவர்கள் பாடினார்களே தவிர, வழி தவறிவிட்டோம் என்று பேசிக்கொண்டதாக எழுதப்படவில்லை. காரியம் நன்றாக முடிந்ததா என்பதை வைத்து வழிநடத்துதலை அளக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மஸ்கட்டுக்கு வருவோம். வேலைக்கான ஒப்பந்தம் கையில் இருக்கிறதா, அதில் சம்பளமும் வேலையின் பெயரும் வாயால் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா, முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா, விசா வேலைக்கானதா சுற்றுலாவுக்கானதா, அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் ஊர்க்காரர் யாராவது அந்த நிறுவனத்தை அறிவாரா என்று பாருங்கள். இவற்றை விசாரிப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எத்தனை ஊருக்குப் போய் விசாரித்தார் என்று கேளுங்கள். விசாரித்து முடித்து, வீட்டில் எல்லாரும் பேசி, ஜெபித்து, போகலாம் என்று வந்தால் போகட்டும். அப்போது அந்த அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு போகட்டும். அந்த வசனம் அந்த வேளைக்கு உரியதுதான்.

ஜனவரி 28

முகவரின் பெயர் பட்டியலில் இல்லையாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். வேறு வழியாக அதே நிறுவனத்தை அணுகப் பார்க்கிறார்கள். நகைப் பேச்சும் நடந்து, இருவரும் அழுதார்களாம்.

"பார்த்தீரா, உம் மூலமாகத் தேவன் காப்பாற்றினார்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். இருக்கலாம், நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் இதைச் சாட்சியாக மேடையேற்ற வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஜெபித்து, வசனம் பெற்று, பதிவில்லாத முகவரை நம்பிப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சபைகளிலேயே உண்டு. அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து இந்தச் சாட்சியைக் கேட்பார்கள்.

பிப்ரவரி 3

அட்டைப் பெட்டியையே எடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஆண்டின் முதல் மணி நேரத்தில், குளிரில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்று, கண்ணை மூடி ஓர் அட்டையை எடுக்கும் கிழவியிடம் அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்குத் துணிவில்லை, விருப்பமும் இல்லை.

எங்கள் சேகரக் கமிட்டியில் (சபையின் நிர்வாகக் குழுவில்) வேறொரு யோசனை சொன்னேன். ஒவ்வோர் அட்டையிலும் அந்த வசனத்துக்கு முந்திய இரண்டு வசனங்களையும் சேர்த்து அச்சிடலாம். யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பது எடுக்கிறவருக்குத் தெரியும். கடிந்துகொள்ளும் வசனங்களும் சில இருக்கட்டும் என்றேன். முதல் யோசனைக்கு அச்சுக்கூலி கூடும் என்றார் பொருளாளர். இரண்டாவதைக் கேட்டுவிட்டு எங்கள் போதகர் ஐயர் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு, "அந்த அட்டைகளைக் கமிட்டி உறுப்பினர்களுக்கு மட்டும் தனிப் பெட்டியில் வைத்துவிடலாம்" என்றார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.